ஊசி முடிந்த பிறகும்: மார்பகப் புற்றுநோய் ஏன் திரும்புகிறது?

எங்கள் அண்ணிக்கு மார்பகப் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டது என்று தெரிந்ததும் ஊரில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். பனியில் நின்று கேரட் பிடுங்கியதால் வந்தது என்றார்கள். பத்தியம் சரியாக இருக்கவில்லை என்றார்கள். மனசுக்குள் எதையோ போட்டு அமுக்கி வைத்திருந்தாள், அதுதான் கட்டியாகிவிட்டது என்று ஒரு பெரியம்மா அண்ணியின் முகத்துக்கு நேராகவே சொன்னார். "அத்தனை லட்சம் கொடுத்துப் போட்ட ஊசியாச்சே, அப்புறம் எப்படி வரும்? ஊசியே போலியா இருக்கும்" என்று அண்ணனிடம் சொன்னவர்களும் உண்டு.

இவற்றில் ஒன்றும் உண்மையில்லை. அண்ணி ஒரு ஊசியைக்கூடத் தவற விடவில்லை. மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒருநாள் விடாமல் போட்டவர். அப்படியிருந்தும் வந்தது. ஏன் வந்தது என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்ததால்தான் நான் படிக்க ஆரம்பித்தேன். நான் மருத்துவர் இல்லை, பள்ளியில் உயிரியல் சொல்லித் தருகிறவள். ஆஸ்பத்திரியில் அண்ணியின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டதும், ரிப்போர்ட்டில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் பொருள் தேடியதும் சேர்ந்துதான் இந்தக் கட்டுரை. ஊட்டியிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் சிகிச்சை முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்களையும், அவர்களோடு இருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளலாம். மார்பகப் புற்றுநோய் என்பது ஒரே நோய் இல்லை. கட்டியிலிருந்து எடுத்த சதையில் மூன்று சோதனைகள் செய்வார்கள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி (ஏற்பி என்பது அந்த ஹார்மோன் செல்லில் போய் ஒட்டும் புரதம்), ஹெர்-2 புரதம் ஆகியவை இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனைகள் அவை. முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் அந்தப் புற்றுச் செல்கள் உடம்பில் ஓடும் ஹார்மோனை வைத்து வளர்கின்றன என்று பொருள். ஹெர்-2 அதிகமாக இருந்தால், வளரச் சொல்லும் கட்டளை அந்தச் செல்லுக்குள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். மூன்றுமே இல்லாத வகையும் உண்டு. ஹெர்-2 வகை நூற்றுக்குப் பதினைந்திலிருந்து இருபது பேருக்கு இருக்கும். அண்ணிக்கு ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, ஹெர்-2 இரண்டுமே பாசிட்டிவ்.

ஹெர்-2 மரபணு பல படிகளாகப் பெருகியிருக்கும் பெண்களுக்கு நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பதை 1987-ல் அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமனும் அவருடன் இருந்தவர்களும் காட்டினார்கள். அந்தப் புரதத்தையே குறிவைக்கும் ட்ராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு 1998-ல் அங்கே அனுமதி கிடைத்தது. முதலில் உடம்பெங்கும் பரவிய நோய்க்கு மட்டும் கொடுத்தார்கள். 2006-லிருந்து, கட்டியை அறுத்தெடுத்த பிறகு நோய் திரும்பாமல் தடுக்கவும் கொடுக்கிறார்கள். நம் நாட்டில் 2014-ல் பயோகான் இதற்கு இணையான மருந்தைக் கொண்டுவந்தது. பிறகு வேறு நிறுவனங்களும் வந்ததால் விலை இறங்கியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒரு வருடம் போட வேண்டும். இரண்டு வருடம் போட்டால் கூடுதல் பலன் இருக்குமா என்று பெரிய ஆய்வு ஒன்றில் பார்த்தார்கள். இல்லை என்று தெரிந்தது. அதனால் "ஒரு வருஷத்தோட நிறுத்திட்டாங்களே, இன்னும் போட்டிருந்தா வந்திருக்காதோ" என்று யாரும் வருந்த வேண்டியதில்லை.

இந்த மருந்து எவ்வளவு காக்கிறது? அமெரிக்காவில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் பத்து வருடக் கணக்கு இருக்கிறது. கீமோ மட்டும் எடுத்தவர்களில், நோய் திரும்பாமலும் புதிதாக வேறு புற்று வராமலும் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 62 பேர். ட்ராஸ்டுசுமாபும் சேர்த்து எடுத்தவர்களில் 74 பேர். நூறு பேரில் பன்னிரண்டு பெண்களின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது இந்த ஊசி. அதே கணக்கில் மீதி 26 பேரும் இருக்கிறார்கள். மருந்து போலி இல்லை, அவர்களும் தவறு ஏதும் செய்யவில்லை. அவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் கேள்வி.

இதை அண்ணிக்கு நான் உருளைக்கிழங்கை வைத்துத்தான் சொன்னேன். நாங்கள் இருப்பது முத்தோரை பாலாடா பக்கம். அங்கே உருளைக்கிழங்கு போட்டவர்கள் எல்லோருக்கும் நூற்புழுவைத் தெரியும். 1961-ல் ஊட்டி விஜயநகரத்தில்தான் இந்தியாவிலேயே முதல்முறையாக அதைக் கண்டுபிடித்தார்கள். பெண் புழு செத்த பிறகு அதன் உடம்பே கடினமான ஒரு கூடாகிவிடும். கடுகைவிடச் சிறிய அந்தக் கூட்டுக்குள் நூற்றுக்கணக்கான முட்டைகள் இருக்கும். குருணை மருந்து போட்டால் மண்ணில் நடமாடும் புழுக்கள் சாகும், கூட்டுக்குள் இருப்பவை பெரும்பாலும் தப்பிவிடும். பல வருடம் அப்படியே கிடக்கும். மறுபடி உருளைக்கிழங்கு நட்டு, அதன் வேரிலிருந்து கசியும் சாறு மண்ணில் பட்டதும் முட்டை பொரியும். அப்பா இந்தப் புழுவோடு வருடக்கணக்காகப் போராடியவர். போன வருடம் விளைச்சல் நன்றாக இருந்தது என்பதை வைத்து நிலம் சுத்தமாகிவிட்டது என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

கட்டி உருவான சில காலத்திலேயே அதிலிருந்து தனித்தனிச் செல்கள் பிரிந்து ரத்தத்தில் கலந்து போகக்கூடும். பல நேரம் நாம் கட்டியைக் கையில் தடவிப் பார்ப்பதற்கு முன்பே இது நடந்திருக்கும். அவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே அழிந்துவிடும். சில மட்டும் எலும்பு மஜ்ஜையிலோ கல்லீரலிலோ நுரையீரலிலோ போய்த் தங்கிவிடும். அங்கே பெருகாமல் உறங்கும். கீமோ மருந்துகள் வேகமாகப் பெருகும் செல்லைத்தான் பெரும்பாலும் கொல்கின்றன. உறங்கும் செல் அதற்குச் சிக்காது. ஹெர்-2 மருந்தும், ஹார்மோனைத் தடுக்கும் மாத்திரையும் (இதைத்தான் ஹார்மோன் மாத்திரை என்கிறோம்) வளர்ச்சிக் கட்டளையை அடைக்கின்றன. கட்டளையை எதிர்பார்க்காமல் சும்மா கிடக்கும் செல்லுக்கு அதனால் பெரிய சேதமில்லை. எந்த ஸ்கேனிலும் அது தெரியாது. ஒரு நாள் ஏதோ காரணத்தால் விழித்துப் பெருக ஆரம்பிக்கும். அதை விழிக்க வைப்பது என்ன என்பதில் உலகம் முழுக்க ஆராய்ச்சி நடக்கிறது. உறங்கும் செல்களைத் தேடி அழிக்கும் மருந்துகளும் ஆய்வு நிலையில் இருக்கின்றன.

நூற்புழுவில் மஞ்சள், வெள்ளை என்று இரண்டு வகை உண்டு. ஒன்றை மட்டும் எதிர்க்கும் ரகத்தையே திரும்பத் திரும்பப் போட்டால் மற்றது பெருகிக்கொள்ளும். குறிவைக்கும் மருந்திலும் இதே சிக்கல் இருக்கிறது. ஒரு கட்டியில் இருக்கும் கோடிக்கணக்கான செல்கள் எல்லாம் ஒன்றுபோல இருப்பதில்லை. பெரும்பாலானவற்றில் ஹெர்-2 நிறைய இருக்கும், சிலவற்றில் குறைவாக இருக்கும். மருந்து முதல் கூட்டத்தை அழிக்கும், இரண்டாவது கூட்டம் மிஞ்சும். சில செல்களில் ஹெர்-2 புரதத்தின் வெளிப்பகுதி அறுந்து உள்பகுதி மட்டும் இருக்கும். ட்ராஸ்டுசுமாப் போய் ஒட்ட வேண்டிய இடமே அங்கே இருக்காது, உள்ளே கட்டளை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இன்னும் சிலவற்றில் பிஐகே3சிஏ என்ற மரபணு மாறியிருக்கும். அப்போது மேலே ஹெர்-2-வை அடைத்தாலும் கீழே வளர்ச்சிப் பாதை திறந்தே இருக்கும்.

ஹார்மோன் வகையிலும் இப்படித்தான். லெட்ரோசோல் போன்ற மாத்திரைகள் மாதவிலக்கு நின்றவர்களின் உடம்பில் ஈஸ்ட்ரோஜனைக் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கிவிடும். பரவிய நோய்க்கு நீண்ட காலம் அதை எடுக்கும் சிலருக்கு இஎஸ்ஆர்1 மரபணு மாறி, ஈஸ்ட்ரோஜனே இல்லாமல் ஏற்பி தானாக வேலை செய்யத் தொடங்கும். அப்படி மாறியதை இப்போது ரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடிக்க முடிகிறது. அந்த நிலைக்கென்றே எலாசெஸ்ட்ரன்ட் என்ற மாத்திரைக்கு 2023-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மூளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ட்ராஸ்டுசுமாப் பெரிய மூலக்கூறு. ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதாக நுழையாது. அதனால் உடம்பு முழுக்க நோய் கட்டுக்குள் இருக்கும்போதே ஹெர்-2 வகையில் சிலருக்கு மூளையில் மட்டும் வரும். டுகாட்டினிப் போன்ற சிறிய மூலக்கூறு மருந்துகள் அங்கேயும் வேலை செய்கின்றன. இந்த வகை நோய் இருந்தவருக்குத் தலைவலி விடாமல் இருந்தால், வாந்தியோ பார்வை மங்கலோ சேர்ந்து வந்தால், தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது.

எப்போது திரும்பும் என்பதும் வகையைப் பொறுத்தது. மூன்றும் இல்லாத வகையும் ஹெர்-2 வகையும் திரும்பினால் பெரும்பாலும் முதல் சில வருடங்களில் திரும்பும். ஈஸ்ட்ரோஜன் வகை அப்படியில்லை. ஐந்து வருடம் ஹார்மோன் மாத்திரை எடுத்து நிறுத்திய சுமார் 63,000 பெண்களின் விவரங்களைத் திரட்டி 2017-ல் ஒரு ஆய்வு வெளியானது. ஐந்தாம் வருடத்திலிருந்து இருபதாம் வருடம் வரை, வருடா வருடம் கொஞ்சம் பேருக்கு நோய் திரும்பிக்கொண்டே இருந்தது. சின்னக் கட்டி, அக்குளில் நெறி ஏதுமில்லை என்ற நிலையில் தொடங்கியவர்களுக்குக்கூட உடம்பின் வேறு இடத்தில் நோய் வரும் வாய்ப்பு அந்தப் பதினைந்து வருடத்தில் 13 சதவீதம். கட்டி பெரிதாகி, நான்கு முதல் ஒன்பது நெறிகளில் பரவியிருந்தவர்களுக்கு 41 சதவீதம்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. ஐந்து வருடம் தாண்டினால் விடுதலை என்று சொல்லி அனுப்பப்படும் பெண்களை எனக்குத் தெரியும். அவர்கள் அந்த நாளோடு பரிசோதனைக்குப் போவதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

சரி, தடுக்க என்ன செய்யலாம்?

எல்லாவற்றிலும் பெரியது அந்தச் சின்ன மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் வகைக்கு டாமோக்சிஃபெனை ஐந்து வருடம் முழுதாக எடுத்தால், முதல் பதினைந்து வருடத்தில் மார்பகப் புற்றால் இறப்பது மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. பத்து வருடம் எடுத்தால் இன்னும் குறைகிறது என்று 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒரு மாத்திரை சில ரூபாய்தான். ஆனால் இதைத்தான் நம் பெண்கள் பாதியில் விடுகிறார்கள். கீமோவுக்குப் பயந்துகொண்டாவது போவார்கள். ஊசிக்கு வீட்டில் யாராவது கூட வருவார்கள். மாத்திரை மட்டும் தனியாகப் போட வேண்டியது. போடுவதால் எந்தப் பலனும் கண்ணுக்குத் தெரியாது, தொந்தரவு மட்டும்தான் தெரியும்.

அந்தத் தொந்தரவு சின்னது என்று நான் சொல்ல மாட்டேன். டாமோக்சிஃபென் போட்டால் திடீர் திடீரென்று உடம்பு தகிக்கும், ராத்திரியில் வியர்த்து நனைந்துவிடும். லெட்ரோசோல் வகை மாத்திரையில் மூட்டுவலி வரும். ஜனவரியில் உறைபனி விழும் காலையில் விரலை மடக்க முடியாமல் தேயிலை பறிக்கப் போகிற பெண்ணிடம், "பொறுத்துக்கோம்மா" என்று சொல்லி அனுப்புவது கொடுமை. அவள் மாத்திரையை நிறுத்தத்தான் செய்வாள். அவளுக்குத் தெரியாத விஷயம், இந்த வலிக்கு வழி உண்டு என்பது. அதே வகையில் வேறொரு மாத்திரைக்கு மாற்றலாம். டாமோக்சிஃபெனுக்கும் மாறலாம். முறையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு இந்த வலி குறைந்ததை ஆய்விலேயே பார்த்திருக்கிறார்கள். தகிப்புக்கும் மருந்து உண்டு. ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பாராக்சிடின், ஃப்ளூஆக்சிடின் ஆகிய இரண்டும் டாமோக்சிஃபென் வேலை செய்வதைத் தடுக்கக்கூடியவை. அதனால் வேறு எந்த மருத்துவரைப் பார்க்கப் போனாலும் இந்த மாத்திரை எடுப்பதைச் சொல்லியாக வேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் பட்டால் அன்றே சொல்ல வேண்டும், டாமோக்சிஃபெனுக்குக் கருப்பையிலும் ஒரு பாதிப்பு உண்டு. நிறுத்துவதாக இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இது ஒன்றுதான்.

ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு நம் மலையில் தனிக் கஷ்டம் இருக்கிறது. எங்களைப் போலப் பலரும் அதற்குக் கோயம்புத்தூர்வரை இறங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தால் குன்னூர் சாலை அடைபட்டுவிடும். கோத்தகிரி வழியாகச் சுற்றிப் போகலாம், சில நாள் அதுவும் இருக்காது. ட்ராஸ்டுசுமாப் ஊசி ஒரு வாரத்துக்குள் தாமதமானால் வழக்கமான அளவையே போடுவார்கள். ஒரு வாரத்துக்கு மேல் போனால் முதல் நாள் போட்டதுபோல அதிக அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதனால் மழைக்காலத்தில் தேதி நெருங்கும்போதே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, முன்கூட்டியே கீழே இறங்கி உறவினர் வீட்டில் தங்கிவிடுவது நல்லது. இந்த ஊசி சிலருக்கு இதயத்தைப் பாதிக்கக்கூடும் என்பதால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். ஏறி இறங்கும்போது மூச்சு வாங்கினால் மலைதானே என்று விட்டுவிடாதீர்கள், சொல்லுங்கள்.

புதிதாக நோய் தெரிந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கட்டி ஓரளவு பெரிதாக இருந்தால், ஹெர்-2 வகையில் முதலில் கீமோவும் குறிவைக்கும் மருந்தும் கொடுத்துவிட்டு அப்புறம் அறுவை செய்வார்கள். "கட்டியை உள்ளேயே வைத்துக்கொண்டு எதற்குக் காத்திருக்கணும்" என்று வீட்டில் சண்டை வரும். காரணம் இருக்கிறது. அறுத்தெடுத்த சதையில் உயிருள்ள புற்றுச் செல் மிச்சமிருக்கிறதா என்று பார்த்தால் அந்த மருந்து அவருக்கு எவ்வளவு வேலை செய்தது என்று தெரிந்துவிடும். மிச்சமிருந்தால் அதே ஊசியைத் தொடராமல் டி-டிஎம்1 என்ற மருந்துக்கு மாற்றினார்கள் ஓர் ஆய்வில். நோய் திரும்புவதும் இறப்பும் சேர்ந்து பாதியாகக் குறைந்தது. அண்ணிக்கு முதலில் அறுவை செய்துவிட்டதால் இந்த வாய்ப்பு வரவில்லை.

ஹெர்-2 இல்லாத ஹார்மோன் வகையில் திரும்பும் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு இப்போது அபெமாசிக்லிப் இரண்டு வருடமோ, ரைபோசிக்லிப் மூன்று வருடமோ ஹார்மோன் மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். மாதவிலக்கு நின்றவர்களுக்கு சோலெட்ரோனிக் ஆசிட் ஊசி எலும்பைக் காப்பதோடு எலும்பில் நோய் திரும்புவதையும் குறைக்கிறது. எடை ஏறாமல் பார்த்துக்கொள்வதும் தினமும் நடப்பதும் நல்லது. முள்சீத்தாப் பழத்தையும் விதவிதமான பொடிகளையும் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான் என்னிடம் உண்டு. அவை நோய் திரும்புவதைத் தடுக்கும் என்பதற்கு மனிதர்களிடம் நிரூபணம் இல்லை, சில பொடிகள் மாத்திரையோடு மோதும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். எந்த மருந்து அதில் வரும் என்பதை ஆஸ்பத்திரியிலேயே இருக்கும் காப்பீட்டுத் திட்ட ஆளிடம் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவும் செய்தும் திரும்பலாம். அண்ணிக்கு இடுப்பு வலியாகத்தான் தொடங்கியது. குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு இடுப்பு வலிக்காமல் இருக்குமா என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் ராத்திரி படுத்திருக்கும்போதும் விடாமல் வலித்தது. ஸ்கேனில் எலும்பிலும் கல்லீரலிலும் தெரிந்தது. அப்போது டாக்டர் முதலில் கேட்டது புதிதாக ஒரு பயாப்ஸி, அதாவது சோதனைக்குக் கொஞ்சம் சதை எடுப்பது. "பழைய ரிப்போர்ட்தான் இருக்கே, மறுபடி எதுக்கு ஊசியால குத்தணும்?" என்று அண்ணன் தயங்கினார். அண்ணிதான் "எடுக்கட்டும், என்னன்னு தெரிஞ்சுக்கலாம்" என்றார். ரிசல்ட்டில் ஹெர்-2 அப்படியே இருந்தது, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி காணாமல் போயிருந்தது. டாமோக்சிஃபெனை மேலும் கொடுத்திருந்தால் பலன் இருந்திருக்காது. திரும்பி வரும் நோய் முதல் நோயின் நகல் என்று நினைத்துக்கொண்டு சிகிச்சை தொடங்கக் கூடாது என்பதை அன்று நேரில் பார்த்தேன். மறு பயாப்ஸி எடுக்கலாமா என்று டாக்டர் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

இப்போது அண்ணிக்கு ட்ராஸ்டுசுமாபோடு பெர்டுசுமாபும் போடுகிறார்கள். ஹெர்-2 புரதத்தின் வேறொரு இடத்தில் போய் ஒட்டும் மருந்து அது. பரவிய ஹெர்-2 நோய்க்குக் கீமோவோடு இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில், எட்டு வருடம் கழித்தும் நூற்றுக்கு 37 பேர் உயிரோடு இருந்தார்கள். அந்த எண்ணை அண்ணியிடம் சொன்னபோது, "முப்பத்தேழுல ஒண்ணா நான் இருக்கக் கூடாதுன்னு சட்டமா?" என்றார். கீமோ முடிந்து தலைமுடி வளர்ந்துவிட்டது. பூண்டு உரிக்கிறார், கணக்கு எழுதுகிறார், கூலியாட்களைச் சத்தம் போடுகிறார். பெரியம்மா சொன்ன வார்த்தையை மட்டும் இன்னும் மறக்கவில்லை. நோய் திரும்பியவரிடம் காரணம் சொல்லப் போகிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருந்துவிடுங்கள்.

சிகிச்சை முடித்து வீட்டில் இருப்பவர்களுக்குக் கடைசியாகக் கொஞ்சம். முதல் மூன்று வருடம் மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், அடுத்த இரண்டு வருடம் ஆறு மாதத்திலிருந்து வருடத்துக்கு ஒருமுறையும், அப்புறம் வருடம் ஒருமுறையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். வருடம் ஒரு மேமோகிராம். தொந்தரவு ஏதுமில்லாதவருக்கு வருடா வருடம் பெட் ஸ்கேன் எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை, அந்தப் பணத்தை மாத்திரைக்கும் பஸ்ஸுக்கும் வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் விடாத எலும்பு வலி, இருமல், மூச்சிரைப்பு, காரணமில்லாமல் எடை குறைவது, தழும்பின் மேலோ அக்குளிலோ கழுத்தெலும்புக்கு மேலோ புதிய முடிச்சு, கண்ணில் மஞ்சள் என்று எது வந்தாலும் போய்க் காட்ட வேண்டும். பக்கத்து கிளினிக்குக்குப் போனாலும் உட்கார்ந்ததும் முதலில் "எனக்கு முன்னாடி மார்பகப் புற்று இருந்துச்சு" என்று சொல்லுங்கள். அதைக் கேட்காமல் எந்த டாக்டரும் இடுப்பு வலிக்கு ஸ்கேன் எழுதமாட்டார்.

ஒரு தாளில் இவற்றை எழுதி வையுங்கள்: கட்டியின் வகை, மூன்று ஏற்பிச் சோதனைகளின் முடிவு, எந்த மருந்து எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, கடைசி எக்கோவின் அளவு, பயாப்ஸி எடுத்த லேபின் பெயரும் எண்ணும். சதையை மெழுகில் பதித்து வைத்த அந்தக் கட்டி லேபில் இருக்கும், பின்னால் மரபணுச் சோதனைக்குத் தேவைப்படலாம். தாளை ஜெராக்ஸ் எடுத்து வீட்டில் இன்னொருவரிடமும் கொடுங்கள். அண்ணியுடையது என் பள்ளிக்கூடப் பையில் இருக்கிறது, ஒவ்வொரு ஊசிக்கும் பிறகு அவரே தேதியைச் சேர்த்து எழுதித் தருகிறார்.